மைனரின் பிறேக் உதறுகிறதா? ட்ரம்மைக் கடைவதற்கு முன் ஹப்பைப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் இருப்பது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. அப்பா ஓடிய கார். சில வருடங்கள் கொட்டிலிலேயே நின்றது. இப்போது ஓடத் தொடங்கியிருக்கிறேன். பிறேக் மிதித்தால் பெடல் காலுக்குள் மேலும் கீழும் அடிக்கிறது. பின் இடப்பக்கச் சில்லின் உட்புறம் எண்ணெய் பட்டு ஈரமாகிறது. முன் வலப்பக்கச் சில்லைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. கராஜில் ட்ரம்மில் விழுந்திருக்கும் பள்ளத்தை வெல்ட் பண்ணி நிரப்பிக் கடையலாம் என்கிறார்கள். முன் ஹப் நட்டை இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினால் ஆட்டம் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். செய்யலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். வெல்டிங் உயிருக்கே ஆபத்து. ஹப் நட்டைத் தளர்த்துவது இந்தக் காரின் பெயரிங்குக்குப் பொருந்தாத முறை. காரணங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறேக் ஷூ உள்ளிருந்து உரசும் வார்ப்பிரும்புக் கிண்ணம்தான் ட்ரம். சில்லைத் தாங்கிப் பெயரிங்கில் சுழலும் நடுக் குடம்தான் ஹப். மைனரில் ட்ரம் தனி, ஹப் தனி. ட்ரம் ஹப்பின் முகத்தில் உட்கார்ந்து, இரண்டு பதிதலைத் திருகாணிகளாலும் நான்கு சில்லு நட்டுகளின் இறுக்கத்தாலும் நிற்கிறது. ஹப்பின் முகம் கோணலாக இருந்தாலோ, பெயரிங் தேய்ந்திருந்தாலோ, புத்தம்புதிய ட்ரம்மும் உதறும். ட்ரம்மை மட்டும் லேத்துக்கு அனுப்பினால் அது அங்கே வட்டமாகத்தான் வரும். காரில் பூட்டியதும் மறுபடி உதறும். பிறகு இன்னொரு முறை கடைவார்கள். இப்படித்தான் நல்ல ட்ரம்கள் மெலிந்து குப்பைக்குப் போகின்றன.

எந்தச் சில்லு உதறுகிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஆளில்லாத நேர் வீதியில் மணிக்கு 15 மைல் வேகத்தில் ஓடி, ஹான்ட் பிறேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழுங்கள். ஹான்ட் பிறேக் பின் சில்லுகளை மட்டுமே பிடிக்கும். அப்போதும் கார் விட்டுவிட்டுப் பிடித்தால் கோளாறு பின்பக்கம். பிடிப்பு சீராக இருந்து, கால் பிறேக்கில் மட்டும் அடித்தால் முன்பக்கம்.

இனிக் கழற்றும் வேலை. உங்கள் 948 சிசி மைனரில் நான்கு ட்ரம்களும் 7 அங்குலம், அதாவது 177.8 மில்லிமீற்றர். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோதுதான் முன் ட்ரம் 8 அங்குலமானது. யாரும் இடையில் முன்பக்கத்தை மாற்றியிருக்கிறார்களா என்று அளந்து பார்த்த பிறகே சாமான் வாங்குங்கள். ஹான்ட் பிறேக்கை விடுவித்து, கழற்றாத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, காரை ஜாக்கில் மட்டும் விடாமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

நின்ற காரின் ட்ரம் இலகுவில் வராது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங் தேய்த்த பாதைக்கு வெளியே, ட்ரம்மின் விளிம்பில் தேயாத ஒரு வரப்பு நிற்கும். அதில் ஷூ கொளுவிக்கொள்ளும். ட்ரம்மின் முகத்திலுள்ள துளை வழியாக, ஷூவை ஏற்றி இறக்கும் அட்ஜஸ்டரின் வெட்டுக்குள் ஸ்குறூ டிறைவரை விட்டு இடஞ்சுழியாகத் திருப்பி, ஷூவை உள்ளே இறக்குங்கள். முன் சில்லுக்கு இரண்டு அட்ஜஸ்டர், பின் சில்லுக்கு ஒன்று. முன்பக்கத்தில் ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு ட்ரம்மோடு மல்லுக்கட்டுவது அடிக்கடி நடக்கிறது. ட்ரம்மைச் சுற்றி அடுத்த அட்ஜஸ்டரைத் துளைக்கு நேரே கொண்டுவந்து அதையும் இறக்குங்கள். பதிதலைத் திருகாணி இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, அடித்துத் திருப்பும் இம்பக்ட் டிறைவரால் எடுங்கள். ட்ரம்மின் வெளி விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. அது வார்ப்பிரும்பு, ஓரம் பெயர்ந்துவிடும். மரக்கட்டையை வைத்து, முகத்தை ஒட்டிய தோள் பகுதியில், சுற்றிவரத் தட்டிக்கொண்டே வாருங்கள்.

ட்ரம் வந்ததும் உள்ளிருக்கும் தூசியைக் கொம்பிறெசர் காற்றால் ஊதவே வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. உங்கள் காரில் இன்னும் பழைய லைனிங்கே இருக்கலாம். முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் வழித்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

ட்ரம்மை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, கயிற்றில் தொங்கவிட்டு ஒரு சிறு ஸ்பானரால் தட்டுங்கள். கணீரென்று நீளமாக ஒலித்தால் நல்லது. சத்தம் உடனே அடங்கி மந்தமாக இருந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. சில்லு நட்டு ஏறும் ஆணிகளின் துளைகளைச் சுற்றியும் திறந்த விளிம்பிலும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடுங்கள். தேய்க்கும் பரப்பில் மேலோட்டமாக வலைபோல் தெரியும் மெல்லிய கோடுகள் சூட்டினால் வந்தவை, கடைந்தால் போகலாம். விளிம்புவரை ஓடும் கோடு, துளையிலிருந்து கிளம்பும் கோடு இரண்டில் எது இருந்தாலும் அந்த ட்ரம்மை எறிந்துவிடுங்கள்.

வெல்டிங் ஏன் கூடாது என்பதற்கு இங்கேதான் விடை. சாம்பல் வார்ப்பிரும்பில் கரி, கிறஃபைட் செதில்களாகப் பரவியிருக்கிறது. வெல்டிங் சூட்டில் உருகிய இடம் வேகமாக ஆறும்போது அந்தக் கரி செதிலாகப் பிரிய நேரமில்லாமல், கண்ணாடிபோல் கடினமான வெள்ளை இரும்பாக உறைந்துவிடும். அதன் ஓரத்தில் சுருக்க இழுவிசை தங்கும். லேத் ஊசி அந்த இடத்தில் துள்ளும். அதைத் தாண்டிக் கடைந்தாலும், இறக்கத்தில் பிறேக் சூடாகும் ஒருநாளில் அந்த ஓரத்தில்தான் ட்ரம் பிளக்கும். இரண்டாய்ப் பிளந்த முன் ட்ரம் சில்லையே இறுக்கிப் பிடித்துவிடலாம். மைனருக்குப் புதிய ட்ரம் இன்றும் வார்க்கப்படுகிறது, விற்கப்படுகிறது. ட்ரம் கிடைக்காத அபூர்வக் கார்களுக்குச் செய்யும், ட்ரம்முக்குள் புது இரும்பு வளையம் இறக்கும் வேலைகூட இதற்குத் தேவையில்லை.

வெடிப்பில்லாவிட்டால் அளக்கலாம். உள் மைக்கிறோமீற்றரால் நான்கு திசைகளில் விட்டம் எடுங்கள். அதையே உள்பக்கம், நடு, வாய்ப்பக்கம் என மூன்று ஆழங்களில் எடுங்கள். திசைக்குத் திசை அளவு மாறினால் ட்ரம் நீள்வட்டம். பெடல் அடிப்பது இதனால்தான்: குறுகிய விட்டம் வரும்போது ஷூ உள்ளே தள்ளப்பட, பிறேக் திரவம் பெடலைத் திருப்பித் தள்ளுகிறது. ஆழத்துக்கு ஆழம் மாறினால் வாய் விரிந்திருக்கிறது, லைனிங் ஒரு பக்கமே தேய்ந்திருக்கும். கொதிக்கக் கொதிக்க ஓடிவந்து ஹான்ட் பிறேக்கை இறுக்கி நிறுத்தும் பழக்கமும் பின் ட்ரம்மை நீள்வட்டமாக்கும்.

நின்ற காரில் இன்னொன்றும் பாருங்கள். ஷூ ஒட்டிக்கொண்டு நின்ற இடம் துரு ஏறாமல், மற்ற இடம் துருவேறி, ஷூவின் அச்சு அப்படியே ட்ரம்மில் பதிந்திருக்கும். யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் இது சீக்கிரம் வரும். துரு மேலோட்டமானால் 80ஆம் இலக்க எமரித் துணியால் போய்விடும். நகம் தடுக்கும் குழி விழுந்திருந்தால் கடைசல் வேண்டும்.

லேத்துக்கு அனுப்புவதற்கு முன் ஹப். ட்ரம் உட்காரும் முகத்தைக் கண்ணால் பார்த்தால் சுத்தமாகவே தெரியும். சுரண்டித் தகட்டைத் தட்டையாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஆணிகளின் அடியைச் சுற்றி மோதிரம்போல் துருப் பொருக்கு எழும்பும். கம்பித் தூரிகை அந்த மூலைக்குள் போகாது, சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அங்கே ஒரு பக்கத்தில் 3 தவ் பொருக்கு தங்கினாலே ட்ரம் சரிந்து உட்காரும். ஆயிரத்திலொரு அங்குலத்தைத்தான் லேத்காரர் தவ் என்கிறார். 3 தவ் என்பது 0.08 மில்லிமீற்றர், கடதாசித் தடிப்பு. ட்ரம்மின் உள்முகத்தையும் அதேபோல் துப்புரவாக்குங்கள்.

பிறகு நுண்ணிய ஆட்டத்தை அளந்து காட்டும் டயல் கேஜை நிறுத்தி ஹப் முகத்தில் முள்ளை வைத்துச் சுற்றுங்கள். ஆணி வட்டத்துக்கு வெளியே மொத்த ஆட்டம் 2 தவ்வுக்குள் இருப்பது நல்லது. 3 தவ்வைத் தாண்டினால் ட்ரம்மைத் தொடவேண்டாம். பெயரிங்கை மாற்றி மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் ஹப் வளைந்திருக்கிறது. மெல்லியதாக முகம் கடையலாம், இல்லாவிட்டால் மாற்றவேண்டும். ஹப் முகத்தில் ஆணிக்கும் ஆணிக்கும் இடையே வெடிப்புக் கண்டால் கேள்வியே இல்லை, மாற்றுங்கள். நட் தளர்ந்து ஓடிய காரில் ஆணித்துளை நீண்டிருக்கும். அதற்குப் புது ஆணி அடித்தால் சில நாளைக்கு நிற்கும், பிறகு சுழலத் தொடங்கும்.

ஹப் சரியென்றால் ட்ரம்மைப் பூட்டி, உட்பரப்பில் கேஜை வைத்துச் சுற்றுங்கள். 5 தவ்வுக்குள் இருந்தால் எமரியோடு விடலாம். கூடினால், ட்ரம்மைப் பாதிச் சுற்றுத் திருப்பிப் பூட்டி இன்னொருமுறை பாருங்கள். சிலவேளை அதிலேயே பாதி குறையும். நல்லதாக வந்த நிலையை ட்ரம்மிலும் ஹப்பிலும் புள்ளிக் குத்தி அடையாளமிட்டு, எப்போதும் அந்த நிலையிலேயே பூட்டுங்கள்.

லேத்காரரிடம் இவற்றைச் சொல்லுங்கள். ட்ரம்மை அதன் வெளிச்சுற்றில் மூன்று தாடையால் கவ்வக்கூடாது. நெருக்கிக் கவ்வினால் கடையும்போது வட்டமாக இருந்து, விட்டதும் முக்கோணமாகும். ஹப்பில் உட்காரும் நடுத்துளையையும் முகத்தையும் ஆதாரமாக வைத்து, சில்லு நட்டுத் துளைகளால் முகத்தோடு சேர்த்து இறுக்கிக் கடையவேண்டும். வெளிச்சுற்றில் பழைய ரியூப் றப்பரை இழுத்துக் கட்டினால் அதிர்வு அடங்கி, பரப்பில் அலை விழாது. கடைசி வெட்டு 5 தவ்வுக்குக் குறைவாக, மெல்லிய நகர்வில் இருக்கட்டும். வேகமாக நகர்த்தினால் பரப்பில் புரிபோல் கோடு விழும். ஷூ அந்தப் புரியில் ஏறி வெளியே நகர்ந்து, டக்கென்று திரும்பி விழும். மிதிக்கும்போது வரும் டக் டக் சத்தத்துக்கு இது ஒரு காரணம். வெட்டு முடிந்ததும் எமரியைக் கோட்டுக்குக் குறுக்காகத் தேய்த்து, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். பெற்றோலில் துடைத்தால் இரும்புப் பொடி துளைகளுக்குள் தங்கிவிடும்.

எவ்வளவு கடையலாம்? 7 அங்குல ட்ரம்முக்கு விட்டத்தில் 30 தவ், அதாவது 0.76 மில்லிமீற்றர். அதற்குமேல் போக நான் சம்மதிக்கமாட்டேன். அறுபது வருடம் ஓடிய ட்ரம் எத்தனை தரம் கடைபட்டதென்று தெரியாது. மெலிந்த ட்ரம் சூட்டை வாங்கிவைக்காது, அழுத்தத்தில் விரியும், பெடல் பஞ்சுபோலாகும். ஒரே அச்சின் இரண்டு ட்ரம்மையும் ஒரே அளவுக்குக் கடையுங்கள். ஒன்று பெரிதாக இருந்தால் கார் பிறேக்கில் ஒரு பக்கம் இழுக்கும்.

கடைந்த ட்ரம்முக்குள் பழைய வளைவு லைனிங் முழுதாக உட்காராது, நடுவில் மட்டும் தொடும். லைனிங் முழுக்கச் சோக்குக்கட்டி பூசி, ட்ரம்மைப் போட்டு, ஷூ உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். சோக் அழிந்த இடம்தான் தொடும் இடம். நடுவில் கொஞ்சம் கூடத் தொடுவது பரவாயில்லை, ஓடும்போது படியும். இரண்டு நுனியிலும் மட்டும் தொட்டால் நுனியை அராவவேண்டும். அப்படியே விட்டால் முன் ஷூ கவ்விக்கொள்ளும். மைனரின் முன்பக்கத்தில் இரண்டு ஷூவுமே சுழற்சியோடு இழுபடும் வகை. அதனால் கவ்வல் பலமாக இருக்கும்.

இப்போது பின் இடப்பக்கத்து ஈரம். அது பிறேக் திரவமா, அச்சு எண்ணெயா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு துளியை விடுங்கள். பிறேக் திரவம் தண்ணீரோடு கரைந்துவிடும். கியர் ஒயில் மேலே படலமாக மிதக்கும், கந்தக மணமும் காட்டிக்கொடுக்கும். திரவமென்றால் சில்லுச் சிலிண்டரின் றப்பர்க் கப் போய்விட்டது. இரண்டு பக்கமும் மாற்றுங்கள். அந்த றப்பர்களில் பெற்றோலோ டீசலோ படக்கூடாது, ஊதிப்போகும்.

எண்ணெயென்றால் ஹப்பின் ஒயில் சீலோ, அச்சுத் தண்டு விளிம்பின் கடதாசிப் பக்கிங்கோ விட்டிருக்கிறது. புதிதாக வாங்குவதற்கு முன் அச்சின் மேலுள்ள மூச்சுத்துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். நின்ற காரில் அது மண்ணால் அடைந்திருக்கும். ஓடும்போது அச்சுக்குள் காற்று சூடாகி விரிய, வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். எண்ணெய் அளவையும் பாருங்கள்: ஒன்றரைப் பைன்ற், சுமார் 0.85 லீற்றர். மட்டத்துளையால் வழியும் வரைதான் ஊற்றவேண்டும். காரைச் சாய்த்து நிறுத்தி ஊற்றினால் கூடிவிடும்.

ட்ரம்மைக் கழற்றியபின் அச்சுத் தண்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் பதிதலைத் திருகாணியை எடுத்து, தண்டை வெளியே இழுங்கள். உள்ளே பூட்டுத் தகட்டோடு ஒரு பெரிய நட் தெரியும். தகட்டின் காதை நிமிர்த்திவிட்டு, புரியைத் துலக்கி, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்பானர் போடுங்கள். இந்தக் கார்களில் இடப்பக்கத்துக்கு இடப்புரி நட் வருவதுண்டு. தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிப் புரியை அழித்தவர்கள் பலர். உளியால் அடித்துக் கழற்றவேண்டாம், அளவான பெட்டி ஸ்பானர் தேடுங்கள்.

புதுச் சீலின் வில் உள்ள உதடு பெயரிங்கைப் பார்க்கவேண்டும். அந்த உதடு ஓடும் இடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். பள்ளம் தடுத்தால், புதுச் சீலைப் பழைய கோட்டிலேயே உட்காரவிடாமல் சற்றுத் தள்ளி உட்காரச் செய்யுங்கள். அதற்கு இடமில்லாவிட்டால் மெல்லிய உறை ஏற்றவேண்டும். பெயரிங்கை ஹப்பில் முட்டும்வரை இறக்கி, பக்கிங்கை வைத்துப் பார்த்தால் பெயரிங்கின் வெளிவளையம் பக்கிங்கைவிட 1 முதல் 4 தவ் உயர்ந்து நிற்கவேண்டும். அப்போதுதான் அச்சு விளிம்பு பெயரிங்கை நெருக்கிப் பிடிக்கும். இதைப் பலர் பார்ப்பதேயில்லை. தடித்த பக்கிங்கை வெட்டிப் போட்டு ஒழுக்கை நிறுத்துகிறார்கள். ஒழுக்கு நிற்கும், பெயரிங் ஹப்புக்குள் நகர்ந்து ஹப்பின் துளையைத் தின்றுவிடும்.

எண்ணெய் ஊறிய லைனிங்கைத் தீயில் வாட்டிப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மேலே காய்ந்து, சூடேறும்போது உள்ளிருந்து எண்ணெய் மறுபடி வியர்க்கும். அந்த அச்சின் நான்கு ஷூவுக்கும் புது லைனிங் போடுங்கள்.

முன் வலப்பக்கத்து ஆட்டத்துக்கு இன்னொருவரின் உதவி வேண்டும். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். மற்றவர் பிறேக்கை அழுத்தி மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பெயரிங். மிதித்தும் ஆடினால் கோளாறு ட்றனியனில். மைனரின் முன் சில்லு திரும்புவது புரியிட்ட ட்றனியனில்தான். கிறீஸ் போகாமல் அந்தப் புரி தேய்ந்தால், ஒருநாள் கழன்று சில்லு மடங்கிவிடும். மைனரில் நான் மிகவும் பயப்படுவது பிறேக்குக்கு அல்ல, இதற்குத்தான். ட்றனியன் ஆடினால் மற்ற வேலையெல்லாம் பிறகு, காரை வீதிக்கு எடுக்கவேண்டாம். சரியாக இருந்தாலும் 1000 மைலுக்கு ஒருதரம், சில்லைத் தூக்கிவிட்டு, புதுக் கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள்.

ஹப் பெயரிங்தான் என்றால், நட்டைத் தளர்த்தும் விடயத்துக்கு வருவோம். இறுக்கிவிட்டுத் தளர்த்துவது, கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பெயரிங்குக்கான முறை. மைனரின் முன் ஹப்பில் வந்தவை குண்டுகள் உருளும் இரண்டு ‘போல்’ பெயரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய். நட்டை நன்றாக இறுக்க, உள்வளையங்களும் ஸ்பேசரும் ஒன்றையொன்று முட்டி ஒரே தண்டாகவேண்டும். அதனால் நட்டை இறுக்கி, நட் கழராமல் குறுக்கே செருகும் கொட்டர் பின்னின் துளை நேரே வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கவேண்டும். ஒருபோதும் பின்னால் திருப்பக்கூடாது. தளர்த்தினால் உள்வளையம் தண்டில் சுழன்று தண்டையே அரிக்கும். இறுக்கியும் ஆடினால் பெயரிங் தேய்ந்துவிட்டது, மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. டேப்பர் பெயரிங் மாற்றுத் தொகுதியை யாரும் முன்பே போட்டிருந்தால் மட்டும் முறை வேறு. எனவே கழற்றி, கண்ணால் பார்த்து முடிவெடுங்கள்.

புதுப் பெயரிங்கில் ஒரு பக்கம் த்ரஸ்ட் என்று பொறித்திருக்கும். அந்தப் பக்கம் ஸ்பேசரைப் பார்க்கட்டும். வெளிவளையத்தை மட்டும் தட்டி இறக்குங்கள். ஹப்பின் துளைக்குள் பெயரிங் கையால் போய்விட்டால் துளை தேய்ந்திருக்கிறது. புள்ளிக் குத்தி மேடாக்கி இறுக்குவது இங்கே பரவலாக உள்ள வேலை. அந்தப் புள்ளிகள் சில நூறு மைலில் நசிந்து, பெயரிங் முன்னைவிட மோசமாக ஆடும். இடைவெளி 2 தவ்வுக்குள் என்றால் பெயரிங் ஒட்டும் லொக்கிங் திரவம் போதும். கூடினால் வேறு ஹப். கிறீஸைப் பெயரிங்குக்குள் நன்றாக அமுக்கிவிட்டு, வெளி மூடியை வெறுமையாக விடுங்கள். மூடி நிரம்ப அடைத்தால் சூட்டில் இளகிய கிறீஸ் சீலைத் தாண்டி லைனிங்குக்குத்தான் போகும். கொட்டர் பின் எப்போதும் புதியது.

எல்லாம் பூட்டிய பின் ஒவ்வோர் அட்ஜஸ்டரையும் சில்லு பிடிக்கும்வரை வலஞ்சுழியாக ஏற்றி, ஒரு பல் பின்னால் விடுங்கள். பிறகு பெடலை இரண்டு மூன்று தரம் பலமாக மிதியுங்கள். ஷூ நடுவுக்கு வந்து உட்காரும், இடைவெளி மாறும். மறுபடி ஏற்றி ஒரு பல் விடுங்கள். ஹான்ட் பிறேக் கம்பி கடைசி வேலை. அதை முதலில் இறுக்கினால் பின் அட்ஜஸ்டர் பொய் சொல்லும். சில்லு நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக, முதலில் பாதி, பிறகு முழுதாக இறுக்குங்கள். நீளக் குழாய் போட்டு ஒரு பக்கமாக இழுத்தால், இவ்வளவு கஷ்டப்பட்டு நேராக்கிய ட்ரம்மின் முகம் மறுபடி வளையும்.

முதல் 100 மைல் மென்மையாக மிதித்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையில் ஆறவிட்டு ஓடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் நான்கு சில்லின் நடுவையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே அட்ஜஸ்டர் இறுக்கம், அல்லது ஷூ திரும்பவில்லை. 50 மைலில் சில்லு நட்டுகளை ஒருதரம் பார்த்துவிட்டு, 200 மைலில் பின் இடப்பக்கத்து ட்ரம்மை மட்டும் திரும்பக் கழற்றி, லைனிங் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.